வீட்டு வேலைக்கு டிரில்லிங் மெஷின் வாங்குவதற்கு முன்

கடைக்குப் போவதற்கு முன்பு உங்கள் வீட்டுச் சுவரை விரல் முட்டியால் நான்கைந்து இடங்களில் தட்டிப் பாருங்கள். சென்னையின் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற பகுதிகளில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் சுவரில் சில இடங்களில் 'டொக் டொக்' என்று வெற்றொலி எழும். பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது என்பதே அதன் பொருள். அங்கே மெஷினை, சுற்றுவதோடு அடிக்கவும் செய்யும் சுத்தியல் நிலையில் வைத்துத் துளையிட்டால், 8 மில்லிமீட்டர் துளைக்குப் பதிலாகக் கையகலக் காரை பெயர்ந்து விழும். அத்தகைய வீட்டுக்கு, சுத்தியல் இயக்கத்தை அணைத்து மெல்லச் சுற்ற வைக்கக்கூடிய சாதாரண மெஷினே போதும்.

பெரம்பூர், மாதவரம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் கதை வேறு. சுவர் செங்கல்லாக இருந்தாலும், திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டிய இடம் சரியாக ஜன்னலுக்கு மேலே, லிண்டல் காங்கிரீட்டில்தான் வந்து நிற்கும். இங்கேதான் பலரும் 'மெஷின் சரியில்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். உண்மையில் அது மெஷினின் குறை அன்று, வகையின் குறை. இம்பாக்ட் டிரில் என்று விற்கப்படுவதில் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி அதிர்வை உண்டாக்குகின்றன. நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அதன் வலிமை. ரோட்டரி ஹாம்மரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஓர் உலோகக் கட்டையைத் தள்ளி, துளையிடும் கம்பியான பிட்டின் தலையில் அடிக்க வைக்கிறது. ஆகவே கை அழுத்தம் அதிகம் தேவையில்லை, காங்கிரீட்டும் எளிதில் வழிவிடும். அதற்கான எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டுகளின் தண்டில் காடி வெட்டியிருக்கும், அவற்றைச் சாதாரண சக்கில், அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாயில், சரியாகப் பொருத்த இயலாது. ஆண்டுக்கு நான்கைந்து காங்கிரீட் துளைகள் மட்டுமே போடுகிறவர், 13 மில்லிமீட்டர் சக்கும் 600 வாட் அளவும் உள்ள ஓர் இம்பாக்ட் டிரில்லை வாங்கிக்கொண்டு, காங்கிரீட் வேலைக்கு மட்டும் ரோட்டரி ஹாம்மரை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்பது என் கருத்து.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது மெஷின் மின்சாரத்திலிருந்து இழுக்கும் அளவே தவிர, பிட்டின் நுனிக்குப் போய்ச் சேரும் வலிமை அன்று. மட்டமான வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுற்று) உள்ள மெஷினில் அந்த வாட்டில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் இருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

வாட்டை விடவும் முக்கியமானது, சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் என்பதை நான் பணத்தை இழந்துதான் கற்றேன். மலிவு என்று ஒரு மெஷின் வாங்கினேன். முதல் ஆண்டு நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள், பக்கவாட்டுக் காற்றுத் துளைகள் வழியே நீலமும் ஆரஞ்சுமாகப் பொறி சுழன்றது, கருகிய வாடை அடித்தது, அழுத்தினால் நின்று நின்று ஓடியது. உடலைத் திறந்து பார்த்தால், சுண்டுவிரல் நகத்தின் அகலமுள்ள அந்தக் கரித்துண்டு அரிசிமணி அளவுக்குத் தேய்ந்து, அதன் சுருள் கம்பி செம்பு வளையத்தையே கீறிக்கொண்டிருந்தது. மண்ணடிக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பா நிறைய பிரஷ்களைக் கண்ணாடி மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு பிரஷ்ஷே வராது சார்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சில பத்து ரூபாய் பொருள் கிடைக்காததால் மெஷின் முழுவதும் குப்பைக்குப் போயிற்று.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் பாரிமுனையை அடுத்த தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெருப் பக்கம் போய், எந்த மெஷினுக்குப் பிரஷ், ஸ்விட்ச், ஆர்மேச்சர், சக் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கின்றன என்று விசாரிக்கிறேன், அதன் பிறகே மெஷினைத் தேர்ந்தெடுக்கிறேன். பாஷ், மகிட்டா போன்ற பெயர்களுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலையின் பெரும்பயன் இந்த உதிரிபாகங்கள்தான். பிரஷ்ஷை வெளியிலிருந்தே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றும்படி இரு பக்கமும் மூடி உள்ள மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. வாங்கும்போதே ஒரு ஜோடி பிரஷ் கூடுதலாக வாங்கி, பெட்டிக்குள் போட்டு வைத்துவிடுங்கள்.

கடையிலேயே மெஷினை ஓடவிட்டுப் பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மெல்லிய பிட் ஒன்றை மாட்டி ஸ்விட்சைச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். வேகம் படிப்படியாக ஏற வேண்டும், ஒரே பாய்ச்சலாகச் சீறக் கூடாது. பிட்டின் நுனி ஒரே புள்ளியாகத் தெரியாமல் சிறு வட்டம் போட்டால், முதலில் பிட் வளைந்திருக்கிறதா என்று வேறொன்றை மாட்டிப் பாருங்கள். அதிலும் ஆடினால் சக் கோணல், அந்த மெஷின் வேண்டாம். ஒயர் உடலுக்குள் நுழையும் இடத்தில் தடித்த ரப்பர் உறை இருக்கிறதா என்பதையும் விரலால் வளைத்துப் பாருங்கள், ஒயர் முதலில் அறுபடும் இடம் அதுவே.

பெயர்த் தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் 110 வோல்ட் மெஷினை நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் சில நொடிகளில் எரிந்துவிடும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, அதனால் எர்த் இல்லாத இரண்டு ஒயர் இணைப்பே அதற்குச் சரி. உலோக உடல் கொண்ட தண்ணீர் மோட்டாருக்கோ எர்த் கட்டாயம். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், ஆனால் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்திக்கொள்ளுங்கள். மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டித்து ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபிதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சுருளை முழுவதும் விரித்த பிறகே மெஷினை ஓட்டுங்கள், சுருண்ட ஒயர் உள்ளுக்குள் சூடேறி உருகும். ஒயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், அதனுடன் உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு, அது உண்மைதானா என்று கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம்.

வட்டைச் சுழற்றி அறுக்கவும் தேய்க்கவும் செய்யும் ஆங்கிள் கிரைண்டரை, கட்டாயத் தேவை இருந்தாலொழிய வீட்டுக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். 4 அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. வட்டின் மேல் அச்சிட்டுள்ள உச்ச வேகம் அதைவிடக் குறையக் கூடாது. நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி நாள் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். ஈரம் ஏறிய வட்டின் பிசின் பலமிழந்து, ஓட்டத்திலேயே சிதறக்கூடும். காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும், மரம் அறுக்கும் பல் வட்டை அதில் மாட்டுவதும் விரல்களைப் பறித்துவிடும்.

கம்பியில்லா மெஷின் வாங்குவோர் 18 வோல்ட், 20 வோல்ட் என்ற வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டிலும் பொதுவாக ஐந்து லித்தியம் செல்களே உள்ளன, ஒருவர் சராசரி அளவையும் மற்றவர் உச்ச அளவையும் எழுதுகிறார். பாட்டரியை மாடியின் தகரக் கொட்டகையில் மட்டும் வைக்காதீர்கள், வெயில் அதன் ஆயுளைக் குடித்துவிடும்.

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் என்று கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உப்புக்காற்றில் சக்கின் தாடைகள் விரைவிலேயே செம்பழுப்பாகத் துருவேறிப் பிட்டைப் பிடிக்க மறுக்கும். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் தூசியைத் துடைத்து, சக்கில் ஒரு துளி மெஷின் ஆயில் விட்டு, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சுவரில் இறக்கும் ஸ்க்ரூக்களையும் இரும்பில் வாங்காமல் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், கடலுக்கு மிக அருகில் என்றால் 316 வகை இன்னும் தாங்கும். பெட்டியின் இடம் பரண்தான், கட்டிலடி அன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஒருவேளை மெஷின் நனைந்துவிட்டால், காய்ந்துவிட்டது என்று நம்பி பிளக்கில் செருகாமல், ரீவைண்டிங் கடையில் கொடுத்து மெக்கர் என்ற கருவியால் காப்புத்தன்மையை அளந்த பிறகே ஓட்டுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். அதில் மெஷினின் சீரியல் எண்ணைக் கடைக்காரரையே எழுதச் செய்து, கடை முத்திரையும் தேதியும் தெரியும்படி அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் அச்சு மங்கி, வாரண்டி கேட்டுப் போகும் நாளில் கையில் வெள்ளைத்தாள்தான் இருக்கும். கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், அவர்கள் முதலில் கேட்பதும் அந்தப் பில்லைத்தான்.