சாப்டில் ஒழுகும் பம்பைக் கழற்றுதல்

வன்னியில் ஆவணிக் கோடையில் கிணறு இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். தண்ணீரில்லாமல் ஓடினால், சாப்டைச் (சுழலும் தண்டு) சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் சீல் சூடேறி வெடிப்பு விடும். ஒழுக்கு அங்கேதான் தொடங்கும்.

மெயினை நிறுத்தி, பியூசைக் கழற்றி உங்கள் கையிலேயே வைத்திருங்கள். வால்வுகளைப் பூட்டி, கேசிங்கின் (பம்பின் வெளிக்கூடு) அடிப்பிளக்கால் தண்ணீரை வடியுங்கள். மூடிக்கும் கேசிங்குக்கும் குறுக்கே கோடு கீறிவிட்டு, போல்டுகளை எதிரெதிராகத் தளர்த்துங்கள். ஒட்டியிருந்தாலும் கேஸ்கட் (மூடிக்கும் கேசிங்குக்கும் இடையிலான அடைப்பு) முகத்தில் ஸ்குரூடிரைவர் நுழைக்கவே வேண்டாம், அந்தக் கீறல் பிறகு ஒழுகும்.

மரையில் பூட்டிய இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) என்றால், சாப்டை அசையாமல் பிடித்து, பம்ப் சுற்றும் திசையிலேயே இம்பெல்லரைத் திருப்புங்கள், கழலும். மூன்று பேஸ் வயர் மாறித் தலைகீழாக ஓடினால் அது தானே கழன்று கேசிங்கை உரசுவதும் இதனால்தான்.

சீலில் ஒன்றோடொன்று உரசும் இரண்டு முகங்களையும் சோடியாகவே மாற்றுங்கள். சாப்டில் சீல் இருந்த இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் ஸ்லீவையும் (சாப்டின் மேல் போட்ட உறை) மாற்றவேண்டும்.