மூளைத் தடுப்பின் கசிவைப் படம்பிடிப்பதில் நேரும் தவறுகள்

மூளைக் கட்டி உள்ளவருக்குக் கடோலினியம் மருந்தை ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தால் பெரும்பாலும் கட்டி வெள்ளையாகப் பளிச்சிடும். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு அங்கே உடைந்து கிடக்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அல்சைமர் நோயாளியின் படத்தைப் பார்ப்பதுதான் முதல் தவறு. எதுவும் வெளுத்திருக்காது, ‘தடுப்பு நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். அல்சைமரில் தடுப்பில் நேர்வது குழாய் உடைந்த வெள்ளம் இல்லை, மண்பானைக் கசிவு. மருந்து ஏறியபின் கால் மணி நேரமாவது விடாமல் படமெடுத்து, திசுவில் அது சேரும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் நோயாளியை இறக்கிவிட்டால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. தேடும் மாற்றமோ மிகச் சிறியது. கருவியின் தடுமாற்றமே அதை விழுங்கிவிடும். அதே கருவியில் நலமானவர்களையும் அளந்து ஒப்பிடாவிட்டால் எது கசிவு, எது தடுமாற்றம் என்று பிரிக்க முடியாது.

வயதாக ஆக, நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் கசிவு கூடுகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னபின் எல்லோர் கண்ணும் அங்கேதான். ஆனால் அதை ஒட்டியே கோராய்டு பின்னல் இருக்கிறது. மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் இந்தப் பின்னலின் நுண்குழாய்களில் இயற்கையாகவே துளைகள் உண்டு. மருந்து ஏறினால் யாருக்கும் வெளுக்கும். ஹிப்போகேம்பஸைச் சுற்றி வரையும் கோடு இம்மியளவு நழுவினால் பக்கத்து வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். நோயில் ஹிப்போகேம்பஸ் சுருங்குவதால் நோயாளிகளிடமே இந்தப் பிழை அதிகம் நேரும். அதாவது, எதிர்பார்த்த முடிவே பொய்யாகக் கிடைக்கும்! இதைவிடக் கெட்ட பிழை எனக்குத் தெரிந்து இல்லை.

2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்வைத்த ஆல்ப்ஸ் குறியீட்டை ‘மூளையின் கழிவகற்றும் திறன்’ என்றே இப்போது பலர் எழுதுகிறார்கள். ஆனால் அது கழிவை அடித்துச்செல்லும் நீரோட்டத்தை அளப்பதில்லை. பக்க அறைகளை ஒட்டிய வெண்பொருளில் நீர் மூலக்கூறுகள் எத்திசையில் அதிகம் அலைகின்றன என்று பார்க்கிறது, அவ்வளவுதான். நரம்பிழைகள் சிதைந்தாலும் அந்த எண் மாறும்.

கண்ணுக்கே தெரியும் கசிவும் உண்டு. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்ற லெகனெமாப் போன்ற மருந்து பெறுபவருக்கு மூளையில் நீர்கோத்து வீங்கலாம், பேச்சும் குழறலாம். அதைப் பக்கவாதமென்று எண்ணி இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம். என்ன மருந்து போகிறது என்று வீட்டாரிடம் கேட்டு, சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அறிக்கை எழுத வேண்டும்.