பிள்ளையின் முதல் கைபேசியில் இருப்பிடம் அறியும் வசதியை அமைப்பது எப்படி

பள்ளிக்குத் தனியாகப் பேருந்தில் போய்வரத் தொடங்கும் வயதிலோ, டியூஷன் முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டியிருக்கும்போதோதான் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு முதல் கைபேசி வாங்கப்படுகிறது. அது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வசதியை அமைக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் அமைக்கக் கூடாது. மறைவாகக் கண்காணிக்கப்படுவதை ஒருநாள் கண்டுபிடித்துவிடும் பிள்ளை, கைபேசியை நண்பன் வீட்டில் வைத்துவிட்டு வேறெங்கோ போகக் கற்றுக்கொள்ளும். அதன்பின் வரைபடம் காட்டும் புள்ளியை நம்பவே முடியாது.

ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியே போதுமானது. அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் கைபேசியில் அதை நிறுவி, பிள்ளைக்கு உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துத் தனிக் கூகுள் கணக்கு தொடங்குங்கள். அவசரத்துக்கு அப்பாவின் கணக்கையே பிள்ளையின் கைபேசியில் போட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். அப்படிச் செய்தால் இந்த வசதிகள் எவையும் சரியாக அமையாது. இரண்டு கைபேசிகளையும் அருகருகே வைத்துக்கொண்டு, பிள்ளையையும் உடன் உட்காரவைத்து, திரையில் வரும் படிகளை முடித்தபின், ஃபேமிலி லிங்க்கில் இருப்பிடம் பார்க்கும் வசதியை இயக்குங்கள். ஐஃபோன் என்றால் குடும்பத்தினரின் கணக்குகளை இணைக்கும் ஃபேமிலி ஷேரிங் அமைப்பில் பிள்ளையைச் சேர்த்து, இருப்பிடம் காட்டும் ஃபைண்ட் மை செயலியில் பார்க்கலாம்.

அடுத்து வீடு, பள்ளி, டியூஷன் ஆகிய இடங்களைப் பதிந்து, பிள்ளை அங்கே சேரும்போதும் கிளம்பும்போதும் அறிவிப்பு வரும்படி அமையுங்கள். என் கருத்தில் இந்த வசதியில் உண்மையாகவே பயனுள்ள பகுதி இதுதான். அறிவிப்பு தானாக வந்துவிடுவதால், அலுவலகத்தில் இருந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வராது; அந்தப் பழக்கம் பெற்றோரின் பதற்றத்தைத் தணிப்பதில்லை, வளர்க்கவே செய்கிறது.

வரைபடத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்துடன் இடத்தைக் காட்டும். கான்கிரீட் கட்டடத்துக்குள் போனதும் வைஃபையையும் செல்பேசிக் கோபுரங்களையும் நம்ப வேண்டியிருப்பதால், புள்ளி அடுத்த தெருவுக்குக்கூடத் தாவலாம். புள்ளியைச் சுற்றி வட்டம் இருந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கோ கைபேசி இருக்கிறது என்பதே அதன் பொருள். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தையும் கவனியுங்கள். இணையம் துண்டிக்கப்பட்டாலோ, பேட்டரி தீர்ந்தாலோ பழைய இடமே காட்டப்படலாம், "டியூஷனுக்கே போகவில்லையா?" என்று அதை வைத்துத் திட்டுவது அநியாயம்.

விளம்பரங்களில் காணும் பிற கண்காணிப்புச் செயலிகளைச் சந்தேகத்துடனே அணுகுங்கள். குடும்பங்களிடையே புகழ்பெற்ற லைஃப்360 செயலி பயனர்களின் இருப்பிடத் தரவை விற்றுவந்ததை 2021 டிசம்பரில் ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. பிள்ளை தினமும் போகும் வழி விற்பனைச் சரக்காவதை எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார்.

பிள்ளை பதின்ம வயதின் நடுப்பகுதிக்கு வந்ததும் இந்த ஏற்பாட்டைத் தளர்த்தலாம். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்ற அளவுகளில் பிள்ளையே பகிரலாம். வெளியூர்ப் பயணத்துக்கு அது போதும்.

புள்ளி நகராமல் நின்றுவிட்டால் முதலில் பிள்ளையை அழையுங்கள், பிறகு டியூஷன் ஆசிரியரையோ உடன் செல்லும் நண்பரின் வீட்டையோ அழையுங்கள். ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த எண்களையும் பெற்றோர் இருவரின் எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளிப் பையில் வைத்துவிடுங்கள், ஏனெனில் பேட்டரி தீர்ந்த கைபேசியில் சேமித்த எண்கள் பிள்ளைக்கு உதவாது.