முதல் பூல் கியூ வாங்குவது எப்படி: குறைந்த செலவில் ஒரு செய்முறை விளக்கம்

பூல் பார்லருக்குத் தொடர்ந்து போகத் தொடங்கிய சில மாதங்களிலேயே சொந்தமாக ஒரு கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையில் நியாயமும் இருக்கிறது. சுவரோரத் தாங்கியில் நிற்கும் பொதுக் கியூக்களில் நேற்று நீங்கள் எடுத்தது இன்று வேறொருவர் கையில் இருக்கும். திரும்பக் கிடைத்தாலும் அதன் டிப், அதாவது நுனியில் ஒட்டியிருக்கும் தோல் துண்டு, அதற்குள் தட்டையாகியிருக்கும். பந்து பாக்கெட்டின் விளிம்பில் பட்டுத் திரும்பும்போது பிழை கையிலா, கோலிலா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. சொந்தக் கியூ வாங்கியவுடன் ஆட்டம் உயர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நாள்தோறும் ஒரே எடை, ஒரே நுனி, ஒரே பிடி என்று ஆகிவிட்டால், தவறுகளின் காரணத்தைத் தேடுவது மட்டும் எளிதாகும். அதற்குத் தேவை நேராக நிற்கும் ஒரு கியூ. விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை.

படி 1: எந்த மேசைக்கு வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊர்ப் பார்லர்களில் பலவற்றில் ஸ்னூக்கர் மேசையும் பூல் மேசையும் அருகருகே கிடக்கும். நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் ஸ்னூக்கருக்கு, பிறகு நம் உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அந்தப் பழைய உறவின் தொடர்ச்சியோ என்னவோ, இங்கே கியூ என்று கேட்டால் பல கடைக்காரர்களின் கை முதலில் ஸ்னூக்கர் கியூவுக்கே போகும். அதை வாங்கிவந்து பூல் ஆடுபவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு கருவிகள்.

ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். அமெரிக்க வகைப் பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எடையும் அதிகம். அதனால் ஸ்னூக்கர் கியூவின் நுனி 9 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலும், பூல் கியூவின் நுனி பெரும்பாலும் 12 முதல் 13 மில்லிமீட்டர் வரையிலும் இருக்கும். மரத்தை வைத்தும் அடையாளம் காணலாம். ஸ்னூக்கர் கியூ பெரும்பாலும் ஆஷ் மரத்தில் செய்யப்படுவதால் அம்புமுனை போன்ற கருமையான ரேகைகள் அதில் தெரியும். பூல் கியூவின் ஷாஃப்ட், அதாவது மெலிந்த முன்துண்டு, மேப்பிள் மரத்தில் வெளிறிய நிறத்தில் ரேகை அதிகம் தெரியாமல் இருக்கும். மெல்லிய ஸ்னூக்கர் நுனியால் கனமான பூல் பந்தை அடித்துப் பழகினால் குறி சிதறுவதோடு ஃபெரூல், அதாவது டிப்புக்குக் கீழே இருக்கும் வளையம், சீக்கிரம் சேதமடையவும் கூடும். உங்கள் பார்லரில் இருப்பது சிறிய பந்துகளைக் கொண்ட ஆங்கில வகைப் பூல் மேசை என்றால் நிலைமை தலைகீழ். அதற்கு மெல்லிய நுனியே ஏற்றது. இனி நான் எழுதுவது பெரிய பந்துகளை வைத்து ஆடும் அமெரிக்க வகை மேசைக்கான கியூவைப் பற்றி.

படி 2: கடைக்குப் போகும் முன் பார்லரிலேயே உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

பொதுக் கியூக்களின் பட் பகுதியில், அதாவது கையில் பிடிக்கும் தடித்த பின்பகுதியில், 18, 19, 20, 21 என்று ஏதாவது ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது அவுன்ஸ் கணக்கில் கியூவின் எடை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணுள்ள கியூவை எடுத்து ஆடுங்கள். அடுத்த வாரம் எண்ணை மாற்றுங்கள். எண் அழிந்திருந்தால் பார்லரைக் கவனித்துக்கொள்ளும் மார்க்கரிடம் கேளுங்கள், அவருக்கு ஒவ்வொரு கோலின் குணமும் தெரிந்திருக்கும். மெதுவாக உருட்ட வேண்டிய பந்துகள் தேவைக்கு மேல் ஓடினால் உங்களுக்கு எடை கூடுதலாக இருக்கலாம். நீளமான அடியில் கோல் பக்கவாட்டில் ஆடினால் எடை போதவில்லை என்று கொள்ளலாம். இது வெறும் தொடக்கக் குறிப்புதான். எதுவும் பிடிபடவில்லை என்றால் 19 அவுன்ஸ், ஏறத்தாழ 540 கிராம், எடையைத் தேர்ந்தெடுங்கள். பல கியூக்களில் அடிப்பகுதி ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடைத் திருகு இருக்கும். பிறகு எடையை ஓர் அவுன்ஸ் கூட்டவோ குறைக்கவோ அதை மாற்றினால் போதும். வாங்கும்போதே அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நீளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 58 அங்குலம் என்பது வழக்கமான அளவு, பெரும்பாலோருக்கு அது பொருந்தும்.

படி 3: செலவை எங்கே போடுவது

முதல் கியூவுக்கு நான்காயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய்க்குள் ஓர் எல்லை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அதற்கும் கீழே போனால் மரத்தின் தரத்தில் ஐயம் எழுகிறது. மேலே போனால், தொடக்க நிலையில் உங்கள் கை உணர முடியாத வேறுபாடுகளுக்குப் பணம் கொடுக்கிறீர்கள்.

அந்த வேறுபாடுகளில் முதன்மையானது விலகல். வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு இடப்பக்கம் அடித்தால், அதாவது இடது சைடு கொடுத்தால், பந்து நீங்கள் குறிவைத்த கோட்டிலிருந்து சற்றே வலப்பக்கம் விலகிப் புறப்படும். ஷாஃப்ட்டின் நுனிப்பகுதி எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு இந்த விலகல் கூடும். அதைக் குறைக்கவே நுனியைக் குடைந்தும், பல மரத்துண்டுகளை ஒட்டியும் ஷாஃப்ட்டுகள் செய்யப்படுகின்றன. பிரிடேட்டர் நிறுவனத்தின் ரெவோ 2016-இல் வந்த பிறகு கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்டுகளும் பேசுபொருளாகிவிட்டன. எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் வெள்ளைப் பந்தை அதன் நடுப்புள்ளியில் அடிக்க முயன்று அரை விரல்கடை தள்ளி அடிக்கும் நிலையில் இருக்கும் ஒருவருக்கு, அந்தத் தொழில்நுட்பத்தின் பயன் கைக்கு எட்டாது. சாதாரண மேப்பிள் ஷாஃப்ட் போதும்.

பட் பகுதியின் அலங்காரத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். குறைந்த விலைக் கியூக்களில் பதித்த வேலைப்பாடு போலத் தெரிபவை பெரும்பாலும் அச்சிட்டு மேலே வார்னிஷ் பூசிய படங்கள். என் முதல் கியூவில் ஒரு டிராகன் நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. அந்த டிராகனுக்காகத்தான் அதை வாங்கினேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஷாஃப்ட் வளைந்துவிட்டது, டிராகன் மட்டும் அப்படியே இருந்தது.

படி 4: கியூ நேராக இருக்கிறதா என்று கடையில் நின்று சோதியுங்கள்

இந்தப் படிக்கு அவசரமே கூடாது. இணையத்தில் வாங்குவதானால், பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். வந்த அன்றே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலில் ஷாஃப்ட், பட் என்ற இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகக் கழற்றி, ஷாஃப்ட்டை மட்டும் சமமான பரப்பில் உருட்டுங்கள். கண்ணாடி மேசை இருந்தால் நல்லது. சிலேட் பலகை உள்ள பூல் மேசை அதைவிட நல்லது. நுனிப்பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் இருப்பதால் ஷாஃப்ட் வட்டமடித்துத்தான் உருளும், அதைக் குறையென்று எண்ண வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது ஷாஃப்ட்டுக்கும் மேசைக்கும் இடையில் தெரியும் ஒளிக்கீற்றை. உருளும்போது அந்தக் கீற்றின் அகலம் மாறாமல் இருந்தால் ஷாஃப்ட் நேராக இருக்கிறது. கீற்று விரிந்து சுருங்கி விரிந்தால் மரம் வளைந்திருக்கிறது. அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பட் பகுதியையும் இவ்வாறே உருட்டிப் பாருங்கள்.

பிறகு இரண்டையும் இணைத்து, துப்பாக்கியில் குறிபார்ப்பதுபோல் பட் முனையிலிருந்து நுனியை நோக்கி ஒரு கண்ணால் பார்த்தபடி கோலை மெல்லச் சுழற்றுங்கள். துண்டுகள் தனித்தனியே நேராக இருந்தும் இணைத்தபின் நுனி ஆடுகிறது என்றால் பிழை ஜாயிண்ட்டில், அதாவது துண்டுகள் சேரும் இடத்தில், இருக்கிறது. இணைப்பில் நகத்தை ஓட்டினால் படிக்கட்டு போன்ற தடங்கலும், ஒளியில் பிடித்தால் இடைவெளியும் தெரியக்கூடாது.

கடைசியாக, கோலைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அடிப்பகுதி ரப்பரை உள்ளங்கையால் தட்டுங்கள். உள்ளிருந்து கிர்ரென்று அதிர்வு கேட்டால் எடைத் திருகோ ஜாயிண்ட்டோ தளர்ந்திருக்கிறது. திருகை இறுக்கினால் சத்தம் நின்றுவிடலாம். நிற்காவிட்டால் அந்தக் கியூ வேண்டாம்.

கடைக்காரர் முகம் சுளித்தாலும் கவலைப்பட வேண்டாம். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இதில் கூச்சம் எதற்கு?

படி 5: ஜாயிண்ட்டின் மரை அளவைக் கேளுங்கள்

இரண்டு துண்டுகளையும் இணைக்கும் திருகில் 5/16-18, 5/16-14, 3/8-10 போன்ற பல அளவுகள் உண்டு. முதல் எண் அங்குலத்தில் விட்டம், இரண்டாம் எண் ஓர் அங்குலத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கை. எந்த அளவு உயர்ந்தது என்ற விவாதத்துக்குள் நுழைய வேண்டாம். பரவலாகக் கிடைக்கும் அளவாக இருந்தால், நாளை ஷாஃப்ட்டை மட்டும் மேம்படுத்த விரும்பும்போது பட் பகுதியை வைத்துக்கொள்ளலாம். கடைக்காரருக்கே மரை அளவு தெரியாத கியூவைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 6: டிப்

பந்தைத் தொடுவது இந்தச் சிறிய தோல் துண்டு ஒன்றுதான் என்பதால் மொத்தக் கியூவிலும் நான் மிகுதியாகக் கவனிப்பது இதையே. மிருதுவான டிப், வழுக்காமலிருக்க அதில் பூசும் சாக் பொடியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் காளான்போல் சீக்கிரம் பக்கவாட்டில் பிதுங்கும். கடினமான டிப் நெடுநாள் வடிவம் மாறாது, ஆனால் சாக் பூசத் தவறினால் வழுக்கிவிடும். நடுத்தரக் கடினத்தில் தொடங்குங்கள். அடுக்குத் தோல் டிப்கள் சீராக நடந்துகொள்ளும், விலை கூடுதல். அழுத்தித் தயாரித்த ஒற்றைத் தோல் டிப் இப்போதைக்குப் போதும்.

டிப்பின் மேல்வளைவை ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அந்த வளைவு இருந்தால் நல்லது. புதிய கியூவின் டிப் பெரும்பாலும் தட்டையாகவோ பளபளப்பாகவோ வரும். அதைக் குறையென்று ஒதுக்க வேண்டாம், வடிவமைக்கும் கருவியாலோ மணல்தாளாலோ மார்க்கரே சில நிமிடங்களில் சரிசெய்து கொடுப்பார். ஆனால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது டிப்புக்கும் ஃபெரூலுக்கும் இடையில் கோடு போல இடைவெளி தெரிந்தால், ஒட்டு சரியில்லை என்று பொருள். திருகி மாட்டும் டிப் உள்ள கியூ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 7: பிடி

கைவியர்வை அதிகம் என்றால் அயர்லாந்து லினன் நூல் சுற்றிய பிடியைத் தேர்ந்தெடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும். வெறும் வார்னிஷ் பூசிய பிடி சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் கையோடு ஒட்டும்.

படி 8: வாங்கிய பிறகு

கியூவைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். என் டிராகன் கியூ அப்படித்தான் வளைந்தது. கழற்றி உறையில் போட்டு வைப்பது அரை நிமிட வேலை. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் ஸ்கூட்டர் பெட்டியின்மேலும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஷாஃப்ட்டில் படியும் நீலச் சாக்கை ஒவ்வொரு நாளும் உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். வழவழப்பாக்குகிறேன் என்று மணல்தாளால் தேய்த்தால் நாளடைவில் ஷாஃப்ட்டே மெலிந்துபோகும்.

பிரேக் அடிக்கு, அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடிக்கு, மட்டும் பார்லரின் பொதுக் கியூவையே பயன்படுத்துங்கள். அந்த ஓர் அடியின் வேகத்தில்தான் டிப்பும் ஃபெரூலும் மிகுதியாகச் சேதமடைகின்றன. உங்கள் கியூ அடுத்த அடிக்குக் காத்திருக்கட்டும்.

முதல் மாதம் முழுவதும் எடைத் திருகையோ டிப்பையோ மாற்றாமல் ஆடுங்கள். தினமும் ஆட்டத்தைத் தொடங்கும் முன், வெள்ளைப் பந்தை மட்டும் மேசையின் நீளவாட்டில் நேராக எதிர் விளிம்புக்கு அடித்து, அது திரும்பிவந்து உங்கள் டிப்பிலேயே படுகிறதா என்று பத்து முறை பாருங்கள். இடப்பக்கமாகத் திரும்பிய முறைகளையும் வலப்பக்கமாகத் திரும்பிய முறைகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எடையை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.