முன் பிரேக்கை மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கின் முன் பிரேக்கில் பிடி போதவில்லை என்று தோன்றியதும் பலர் தேடுவது பெரிய டிஸ்க்கைத்தான். இருக்கும் பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம், டிஸ்க்கில் உரசும் பேட் வழவழப்பாகியிருக்கலாம், பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் தளர்ந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்கு மேம்பாடு தேவைப்படாது என்பது என் கருத்து. முன் சக்கரத்தை லாக் செய்யும் அளவு பிடி ஏற்கெனவே இருந்தால், டிஸ்க் பெரிதாவதால் வண்டி நிற்கும் தூரம் குறையாது. அதைத் தீர்மானிப்பது டயர். பெரிய டிஸ்க்கால் விரலுக்கு வேலை குறையும், சூடும் தாங்கும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது, லீவரை அழுத்தும்போது ஆயிலைக் கேலிப்பருக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில். பெரிய வண்டியில் இருந்ததைக் கழற்றி அப்படியே மாட்டுவார்கள். லீவர் கல் மாதிரி இறுகும். பிடி கூடிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் குறைந்திருக்கும். 12.7 மி.மீ. பிஸ்டன் இருந்த இடத்தில் 14 மி.மீ. போட்டால் பரப்பு சுமார் 21 சதவீதம் கூடுகிறது. அதே பிடி கிடைக்க லீவரையும் அந்த அளவு கூடுதலாக அழுத்த வேண்டும். மாறாக, பெரிய பிஸ்டன்கள் உள்ள கேலிப்பரைப் போட்டுவிட்டுச் சிறிய சிலிண்டரையே வைத்திருந்தால், லீவர் கைப்பிடியைத் தொடும்வரை வரும். இரண்டின் பிஸ்டன் பரப்பையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடும்போது கேலிப்பரின் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் எண்ணுங்கள். எதிரெதிரே நான்கு இருந்தால் இரண்டுதான் கணக்கு. நகரும் கேலிப்பரில் இருக்கும் இரண்டும் ஒரே பக்கம் என்பதால் அதுவும் இரண்டுதான்! நான்கு என்றதும் இரட்டிப்புப் பிடி என்று நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வேறு லீவர் மாட்டுகிறவர்கள் கவனிக்க: அதில் சிறிது தளர்வு இருந்தே ஆக வேண்டும். லீவரை விட்ட பிறகும் அது பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருந்தால், ஆயில் டேங்குக்குத் திரும்பும் சிறு துளை மூடிக்கொள்ளும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழி இருக்காது, பிரேக் தானாகப் பிடிக்கும்.

கேலிப்பரை இடம் மாற்றி மாட்டினால் பிளீடிங் நிப்பிள் (காற்றை வெளியேற்றும் திருகு) மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே போய்விட்டால் உள்ளே நிற்கும் காற்று எத்தனை முறை பிளீட் செய்தாலும் வெளியேறாது. பிரேக் ஆயில் வகைகளில் டாட் 5.1-ஐயும் டாட் 5-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 5.1, டாட் 4 போலக் கிளைகால் வகை. 5 சிலிக்கோன், இரண்டையும் கலக்கவே கூடாது.

ஸ்டீல் பின்னல் ஹோஸின் நீளத்தை வண்டி ஸ்டாண்டில் நிற்கும் நிலையில் மட்டும் அளக்காதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முழுதாக நீள விட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி அளக்க வேண்டும். ஹோஸ் இணைப்பில் போடும் செம்பு வாஷர்கள் புதிதாகவே இருக்கட்டும்.

பெரிய டிஸ்க்குக்காகக் கேலிப்பரைத் தள்ளி மாட்ட, தகட்டை வெட்டி வெல்டிங் வைத்த பிராக்கெட்டை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிரேக் பிடிக்கும்போது வரும் விசை முழுவதும் அந்தப் பிராக்கெட்டில்தான் விழும். ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் டிஸ்க்கை மாற்றினால், சக்கர வேகத்தை அறிய உதவும் சென்சார் வளையமும் அதற்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியும் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும்.

சின்டர்டு பேட் (உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்தது) எல்லா டிஸ்க்குக்கும் ஒத்துவராது. அதற்கென்று செய்யாத டிஸ்க்கை அது சீக்கிரம் தேய்த்துவிடும். புது டிஸ்க்கில் பழைய பேடை மாட்டுவதும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் லீவர் இறுகும்வரை பலமுறை அழுத்திவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் பிரேக்கே இருக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து, முழுதாக நிறுத்தாமல், பலமுறை வேகத்தைக் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டுப் பேடைப் படிய வையுங்கள். அதுவரை முன்னே போகும் வண்டியிடமிருந்து தள்ளியே ஓட்டுங்கள்.