இரண்டு அறிக்கை, இரண்டு மொத்தம்: என் அனுபவம்

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில் மாத விற்பனை அறிக்கை எங்களுக்கு இரண்டு வழிகளில் வந்துகொண்டிருந்தது. ஒன்று, கோட் ஜெனரேட்டர் (நாம் தரும் விவரங்களை வைத்து நிரலைத் தானே எழுதும் மென்பொருள்) உருவாக்கிய ஆர்பிஜி மொழி நிரல். மற்றது, நிரல் எழுதாமலே அறிக்கை எடுக்க உதவும் குவெரி/400 கருவியில் நானே அரை மணி நேரத்தில் போட்டது. ஒரு மாதம் இரண்டின் மொத்தமும் ஒத்துப்போகவில்லை. என்னுடையதில் தொகை குறைந்தது.

வழக்கம்போல முதலில் ஜெனரேட்டர் மேல்தான் சந்தேகம். அது எழுதித் தள்ளிய நீளமான நிரலை இரண்டு நாள் படித்தேன். படிக்கச் சுகமான நிரல் இல்லை, ஆனால் தப்பும் இல்லை. விற்பனைக் கோப்பை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு பதிவுக்கும் வாடிக்கையாளரைத் தேடியது. கிடைக்காவிட்டாலும் தொகையைக் கூட்டிவிட்டது.

அப்புறம்தான் என் குவெரியின் ஜாயின் வகையைப் பார்த்தேன்; விற்பனைக் கோப்பையும் வாடிக்கையாளர் விவரம் உள்ள மாஸ்டர் கோப்பையும் எப்படி இணைப்பது என்று சொல்லும் எண் அது. 1 என்று இருந்தது. அதாவது, இரு கோப்பிலும் பொருந்தும் பதிவுகள் மட்டும் வரும். மாஸ்டரிலிருந்து நீக்கப்பட்ட வாடிக்கையாளர்களின் விற்பனை சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. வகையை 3 ஆக்கி ஓட்டினேன்; விடுபட்டவை மட்டும் வரிசையாக வந்தன. சரி என்று 2-க்கு மாற்றினேன்; அதில் ஜோடி இல்லாவிட்டாலும் முதல் கோப்பின் எல்லாப் பதிவுகளும் வரும். விற்பனைக் கோப்பு பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கதை தலைகீழ். மொத்தம் பைசா பிசகாமல் பொருந்தியது.

இப்போது அவசரக் கேள்விகளுக்குக் குவெரி, மாதாமாதம் ஓடுவதற்கு ஜெனரேட்டர். உருவான நிரலை மட்டும் கையால் திருத்துவதில்லை. மறுமுறை உருவாக்கும்போது அந்தத் திருத்தம் காணாமல் போய்விடும்.