வெளிநாட்டில் படிக்கப் போகிறீர்களா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் என்று எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த நாட்டுக்குப் போகலாம்ங்க?" என்பதுதான். நாட்டை அப்புறம் பார்க்கலாம். படிப்பு தொடங்க ஓராண்டு இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

படி 1: பெயர்

பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், டிகிரி, பாஸ்போர்ட் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் சித்தப்பா மகளுக்கு மார்க்‌ஷீட்டில் 'கவிதா கே', பாஸ்போர்ட்டில் 'கவிதா குப்புசாமி'. அந்தக் குப்புசாமிக்கும் அப்பாவின் ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு 'டபிள்யூ' உண்டு, இவள் பாஸ்போர்ட்டில் இல்லை. நமக்கு அது இனிஷியல். அங்கே அது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்! அதனால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து எழுதுங்கள். முன்பே எடுத்திருந்தால் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்தில் திருத்திப் புதிதாக வாங்கலாம்.

படி 2: நாடு

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம் பிள்ளைகள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளை டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தில் நீங்களே தேடலாம், இதற்கு ஏஜென்ட் தேவையில்லை.

படி 3: சான்றிதழ்கள்

ஜெர்மனி விசாவுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். உங்கள் மார்க்‌ஷீட், டிகிரி எல்லாம் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது அது. பல இடங்களில் அக்டோபர் வகுப்புக்கு ஜூலை 15 கடைசி நாள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், ரொம்ப முன்னாலேயே எழுதி வைக்காதீர்கள்.

படி 4: பணம்

கட்டணம் இல்லையென்றாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உங்களிடம் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அதை முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு உள்ள வங்கிக் கணக்கு) போட்டு, அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம்.

கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். நம் பக்கத்தில் உடனே தென்னந்தோப்புப் பத்திரத்தைத்தான் எடுத்துப் போகிறார்கள். கடன் நின்றுபோனால் விவசாய நிலத்தை, வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி ஏலம் விட முடியாது. அதனால் பல வங்கிகள் தோப்பை ஏற்கத் தயங்கும். டவுனில் வீடோ மனையோ இருந்தால் அந்தப் பத்திரத்தைக் கொண்டுபோங்கள்.

கடன் வாங்குவதற்கு முன்னால் உதவித்தொகைக்கு முயலுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முதுகலைப் படிப்புக்குத் தரும் ஈராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ கையில் வரும். கிடைக்காமல் கடனுக்கே போனால் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவர் ஆதாரில் இருக்கும் அந்த 'டபிள்யூ'வை அதற்குள் சரிசெய்து வையுங்கள்.